விசில் கேட்ட கை

தை பிறந்துவிட்டால் மதிவாணனின் போன் ஓயாது. திருத்துறைப்பூண்டி வட்டாரம் முழுக்கச் சம்பா முற்றித் தலைசாய்ந்து நிற்கும் நேரம். வானத்தில் கொஞ்சம் மேகம் கூடினால் போதும், நாலு ஊரிலிருந்து அவனுக்கு அழைப்பு வரும். "மதி, நாளைக்கு மொத வயல் நம்மளுதுதான், வேற எங்கயும் எறங்கிடாத தம்பி" என்று அப்பா வயதுக்காரர்கள் கெஞ்சுவார்கள். அவனுக்கு இருபத்து நான்கு வயது. பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு வந்தபோது, இவன் எங்கே உருப்படப் போகிறான் என்று சொன்ன அதே வாய்கள்தான் அவை. அதனால் அந்தக் கெஞ்சலைக் கேட்பது அவனுக்கு இனித்தது.

அவன் ஓட்டியது குணசேகரனின் அறுவடை மெஷின். டயருக்குப் பதிலாகச் செயின் மாட்டிய வண்டி. ஈர வயலிலும் புதையாமல் போகும். மழையில் சாய்ந்து தரையோடு படுத்துவிட்ட பயிரைக்கூடக் கட்டரைத் தாழ்த்தி, மண்ணை அள்ளாமல், கதிரை மட்டும் வாரிக்கொண்டு வருவான் மதி. எதிரே திடீரென்று ஒரு கல்லோ புதைந்த கம்போ தட்டுப்பட்டால், கை லிவரைத் தூக்கிய பிறகுதான் இவன் மூளைக்கே சேதி போகும் என்று ரெத்தினம் சொல்லிச் சிரிப்பார்.

ரெத்தினம் மெஷினோடு போகிற துணையாள். நாற்பதைத் தாண்டியவர். முன்னால் நடந்து பள்ளம் பார்ப்பது, மெஷின் நுழையாத மூலைகளை அரிவாளால் அறுத்துக் கொடுப்பது, கட்டர் வாயில் நெல் தாள் சிக்கிக்கொண்டால் பிடுங்கி எடுப்பது எல்லாம் அவர் வேலை. எடுத்து முடித்ததும் தள்ளி நின்று, வாயில் இரண்டு விரலை வைத்து ஒரு விசில் அடிப்பார். எஞ்சின் இரைச்சலில் வாய்ப்பேச்சு மேலே ஏறாது, விசில் ஏறும். கேட்டதும் மதி கட்டர் லிவரைத் தள்ளுவான். அவர்கள் சேர்ந்து வேலை பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து இதுதான் அவர்களுக்குள் பாஷை.

சீசனில் உறக்கம் என்பது வண்டிக்கு டீசல் வரும்வரை, அடுத்த வயல்காரர் வரப்பை வெட்டி வழி விடும்வரை, அவ்வளவுதான். பனி காய்ந்ததும் இறங்கினால் மறுபடி பனி விழும்வரை வெளிச்சம் போட்டு ஓடும். அதற்கு மதி தனக்கென்று ஒரு ஏற்பாடு வைத்திருந்தான். காலையில் கெட்டியாக டீ. வெயில் ஏறினால் பெட்டிக்கடையில் விற்கும் எனர்ஜி டிரிங்க் ஒரு டின். மத்தியானம் சோறு தின்றபின் கண் சொருகினால் இன்னொன்று. இடையிடையே உதட்டுக்கடியில் ஒரு சிட்டிகை புகையிலை. டின் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் கண்ணுக்குப் பின்னால் யாரோ லைட்டைப் போட்டுவிட்ட மாதிரி இருக்கும். வயல் முழுக்கத் துல்லியமாகத் தெரியும். சேற்றில் ஒரு தவளை தாவினால்கூடக் கண்ணில் படும்.

"அந்தத் தண்ணிய வுட்டுத் தொலைடா, நெஞ்சு படபடன்னு அடிக்கிதுங்கிற" என்பாள் அம்மா பூவம்மாள்.

"தூங்கிக்கிட்டே ஓட்டச் சொல்றியா?" என்று கேட்பான்.

அவன் தங்கை ஜெயபாரதி தஞ்சாவூரில் ஒரு தனியார் கல்லூரியில் பிசியோதெரபி கடைசி வருடம் படித்தாள். பொங்கலுக்கு முன்னால் ஒருநாள், கட்டர் பிளேடு வாங்குவதற்காக மதி தஞ்சாவூர் போனபோது போனில் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, காலேஜ் வரைக்கும் வந்துட்டுப் போயேன். நீ குடிக்கிற அந்தக் கருமத்ததான் நான் ப்ராஜெக்டா எடுத்திருக்கேன். டீ, காபி, டின்னு இதெல்லாம் குடிச்சா வயசுப் பசங்களுக்குக் கை எவ்வளவு சுறுக்கா வேலை செய்யுதுன்னு பாக்கணும். ஆளு பத்தல."

கல்லூரி லேபில் அவனைப்போல இன்னும் சில பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் படிக்கிற பையன்கள், மழமழவென்று கை. மதி மட்டும் கிரீஸ் படிந்த நகத்தோடு உட்கார்ந்தான். கம்ப்யூட்டரில் பச்சை வட்டம் தெரிந்ததும் பட்டனைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான் சோதனை. முதலில் எதுவும் குடிக்காமல் தட்டச் சொன்னாள். பிறகு டின்னைக் கொடுத்து, கொஞ்ச நேரம் சும்மா உட்காரவைத்து, மறுபடி தட்டச் சொன்னாள். இரண்டாம் தடவை அவன் கை பறந்தது. பாரதி திரையைப் பார்த்துவிட்டுத் தன் மேடத்தைக் கூப்பிட்டாள். அந்த அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"உங்க அண்ணனா? உன் வாலண்டியர்ஸ்லயே இவர்தான் ஃபாஸ்ட். என்ன வேலை பாக்கறீங்க தம்பி?"

"மெஷின் ஓட்டுறேன் மேடம்."

"அதான்" என்றார் அவர்.

அந்த "அதான்" மதியின் மனத்தில் அப்படியே தங்கிவிட்டது. பாலிடெக்னிக்கில் ஒரு வாத்தியாரும் அவனைப் பார்த்து அப்படி ஒரு சொல் சொன்னதில்லை.

பாரதி இன்னொரு சோதனையும் வைத்தாள். அதில் பச்சை வந்தால் தட்ட வேண்டும், சிவப்பு வந்தால் கையை அசைக்கக் கூடாது. பச்சை அடிக்கடி வரும், சிவப்பு எப்போதாவதுதான். மதி பச்சைக்கெல்லாம் பாய்ந்து பாய்ந்து தட்டினான். சிவப்பு வந்தபோதும் தட்டிவிட்டு, "ச்சே" என்று நாக்கைக் கடித்துக்கொண்டான். அடுத்த சிவப்புக்கும் அப்படியே.

"பிரேக் இல்லாத வண்டிண்ணே நீ" என்று பாரதி சிரித்தாள். அவனும் சிரித்தான். அந்த இரண்டாம் சோதனையை ப்ராஜெக்டில் சேர்க்க வேண்டாம், ஒன்றைச் சரியாகச் செய்தால் போதும் என்று மேடம் சொல்லியிருந்ததால் அதைப் பற்றி யாரும் பிறகு பேசவில்லை. மதி பிளேடை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினான். ரெத்தினத்திடம் பெருமையாகச் சொன்னான். அவர் ஊர் முழுக்கச் சொன்னார். "டின்னு குடிச்சா நம்ம மதிக்குக் கை மின்னல் மாதிரி போவுதாம்ல. காலேஜ்லயே கண்டுபிடிச்சிட்டாங்க." அதன் பிறகு வயல்காரர்களே டின் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்க ஆரம்பித்தார்கள்.

*

தை கடைசியில் இரண்டு நாள் மழை பெய்து ஓய்ந்தது. பயிரெல்லாம் பாய் விரித்த மாதிரிப் படுத்துவிட்டது. நெல் முளைத்துவிடுமோ என்ற பயத்தில் எல்லோருக்கும் மெஷின் உடனே வேண்டியிருந்தது. மதி அந்த வாரம் முதுகைக் கீழே சாய்த்ததே குறைவு. விபத்து நடந்த அன்று மத்தியானம் இரண்டாவது டின்னைக் குடித்துவிட்டு, போதாதென்று ஒரு டீயும் குடித்தான்.

ஈரத்தாள் கட்டருக்குள் போய்ப் போய்ச் சுற்றிக்கொண்டது. ரெத்தினம் இறங்குவார், பிடுங்குவார், விசிலடிப்பார், மெஷின் நகரும், மறுபடி சிக்கும். சிக்கை எடுக்கும்போது எஞ்சினை நிறுத்த வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். ஆனால் பேட்டரி சரியில்லை; நிறுத்தினால் திரும்பக் கிளப்புவது பெரும்பாடு. முதலாளியிடம் சொன்னதற்கு, "சீசன் முடியட்டும்டா" என்றிருந்தார். அதனால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், கட்டர் மட்டும் நிற்கும்.

சாயங்கால வெயில் எதிரே அடித்தது. ரெத்தினம் குனிந்து தாளை இழுத்துக்கொண்டிருந்தார். கேபினிலிருந்து பார்த்தால் அவர் முதுகின் மேற்பாதி மட்டும் தெரியும். சில சமயம் அதுவும் தெரியாது. மதி லிவர்மேல் கையை வைத்துக் காத்திருந்தான். தொடை தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று கையை ஆட்டி அவசரப்படுத்தினார்.

விசில் கேட்டது.

மதியின் கை லிவரைத் தள்ளியது. அடுத்த கணம் கேட்ட சத்தம் விசில் இல்லை.

அவன் லிவரைத் திரும்ப இழுத்தான். வேகமாகத்தான் இழுத்தான். கீழே குதித்தபோது ரெத்தினம் சேற்றில் உட்கார்ந்து, வலது கையை இடது கையால் மணிக்கட்டில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கையைப் பார்க்காமல் மதியின் முகத்தையே பார்த்தார். "ஏன் தம்பி?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முழுசாகப் போய்விட்டன. மோதிர விரலில் பாதியை எடுக்க வேண்டியிருந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் மதி வெளியே நின்றான்.

*

மறுநாள் குணசேகரன் வந்து அவனை டீக்கடைக்கு அழைத்துப் போனார். "என்னடா ஆச்சு, உள்ளதச் சொல்லு."

"ரெத்தினண்ணன் விசிலடிச்சாங்க முதலாளி. நான் லிவரத் தள்ளுனேன்."

"விசில் கேட்டுச்சுல்ல?"

"கேட்டுச்சு. சத்தியமா கேட்டுச்சு."

"அப்ப அதையே சொல்லு. ஸ்டேஷன்ல கேட்டாலும் அதான், ஊர்ல கேட்டாலும் அதான். நீ பொய் சொல்லலையே."

மதி பொய் சொல்லவில்லை. அவன் காதுக்குள் அந்த விசில் இன்னமும் இருந்தது. அதைச் சொல்லச் சொல்ல அவனுக்கு மூச்சு விட முடிந்தது. ஸ்டேஷனில் சொன்னான். கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னான். ஒரு வாரத்தில் ஊர் அதை வேறு மாதிரி சொல்ல ஆரம்பித்தது. ரெத்தினம் கையை எடுக்குறதுக்கு முன்னாடியே விசிலடிச்சிட்டாராம். அவசரக்காரர். சரக்கு போட்டிருந்தாரோ என்னவோ. ரெத்தினம் குடிப்பவர் இல்லை என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் அந்தப் பேச்சு நின்றபாடில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ரெத்தினம், தன்னைப் பார்க்க வந்தவர்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். "ஒரு கைய கட்டருக்குள்ள வுட்டுக்கிட்டு இன்னொரு கைய வாயில வச்சு எவனாவது விசிலடிப்பானா?" கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு வந்து, "பழக்கதோஷம், அவருக்கே தெரியாம அடிச்சிருப்பாரு" என்று பேசிக்கொண்டார்கள்.

மதி மட்டும் அவரைப் பார்க்கப் போகவில்லை. போக வேண்டும் என்று தினமும் கிளம்புவான். அவர் தெருமுனை வரை போய் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவான். கடைத்தெருவில் ஒருமுறை ரெத்தினத்தின் மகள் பிரகதீஸ்வரி எதிரே வந்தாள். பிளஸ் டூ படிக்கிற பெண். முன்பெல்லாம் "மதியண்ணே" என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். அன்று நின்று, "எங்கப்பா பொய் சொல்ல மாட்டாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மெஷின் அடுத்த வாரமே வயலில் இறங்கிவிட்டது. வேறொரு துணையாள் வந்தான். மதிக்கு இப்போது வீட்டில் படுத்தாலும் உறக்கம் வரவில்லை; ஆகையால் டின் இன்னும் கூடியது. கை மட்டும் முன்னைவிட வேகமாக, யாரோ துரத்துவது போல வேலை செய்தது. கதவு படக்கென்று சாத்தினால் உடம்பு தூக்கிப் போட்டது. பூவம்மாள் சோற்றுத் தட்டைக் கீழே வைக்கும் சத்தத்துக்கு ஒருநாள் எழுந்தே நின்றுவிட்டான். அவள் மகளுக்குப் போன் பண்ணினாள்.

ஜெயபாரதி ஞாயிற்றுக்கிழமை வந்தாள். அண்ணனின் கண்ணைப் பார்த்ததும் அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது. சாப்பிட்ட பின் லேப்டாப்பைத் திறந்து அவன் முன்னால் வைத்தாள்.

"இது எதுக்கு இப்ப?"

"சும்மா பண்ணுண்ணே. பச்சைக்குத் தட்டு, சிவப்புக்குத் தட்டாத."

அவன் தட்டினான். பச்சை, பச்சை, பச்சை. சிவப்பு வந்தது, தட்டினான். மறுபடி சிவப்பு, தட்டினான். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, இந்தத் தடவை விடக்கூடாது என்று திரையையே உறுத்துப் பார்த்தான். சிவப்பு வந்தது. சிவப்பு என்று தெரிந்தது. தெரியும்போதே விரல் கீழே போய்விட்டிருந்தது.

அவன் லேப்டாப்பைத் தள்ளினான். "என்ன சொல்ல வர்ற நீ? நான் பொய் சொல்றேங்கிறியா?"

"இல்ல."

"எனக்கு விசில் கேட்டுச்சு பாரதி!"

"கேட்டுருக்கும். நான் இல்லன்னு சொல்லல." அவள் லேப்டாப்பை மூடினாள். "அது உன்ன வேகமாக்குச்சு, அது நெசம். நான்தான் அளந்தேன். ஆனா தூங்காத ஒடம்புக்கு அது தூக்கத்தக் குடுக்காதுண்ணே. கை முந்திக்கும், நிதானம் பின்னாடி நிக்கும். சில பேருக்கு அப்பிடி ஆகுது. இத வச்சு அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது. ஒருத்தர ஒக்காரவச்சு ரெண்டு தடவ தட்டச் சொல்லிட்டு எதையும் சொல்லிட முடியாது. கேக்கத்தான் முடியும். அந்த விசில் ரெத்தினண்ணன்கிட்ட இருந்துதான் வந்துச்சா? அவர் வாயில கைய வச்சத நீ பாத்தியா?"

மதி அந்தச் சாயங்காலத்தை நினைத்துப் பார்த்தான். அவன் கண்ணில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் முதுகு தெரிந்ததா? தெரியவில்லை. கேட்டது மட்டும்தான்.

"அங்க வேற யாரு இருந்தா?" என்று பாரதி கேட்டாள்.

வரப்பில் நின்ற வயல்காரரைச் சொன்னான். அவருக்கு விசிலடிக்க வராது. நெல் அள்ளும் டிராக்டர் ரோட்டில் நின்றது. அப்புறம் "வாத்து மேஞ்சுது" என்றான்.

*

அறுப்பு முடிந்த வயலில் சிந்திய நெல்லுக்கும் நத்தைக்கும் வாத்துக் கூட்டம் இறங்கும். மேய்க்கிறவர்கள் அறுவடையின் பின்னாலேயே ஊர் ஊராகப் போவார்கள். அன்று கிழக்கு வயலில் மேய்ந்த கூட்டம் வீரையன் என்பவருடையது என்றும், அவர் இப்போது மன்னார்குடிப் பக்கம் போய்விட்டார் என்றும் விசாரித்துத் தெரிந்துகொள்ள மதிக்கு இரண்டு நாள் பிடித்தது. டின் குடிக்காமல் போக வேண்டும் என்று நினைத்தான், முடியவில்லை. வழியில் ஒரு கடையில் நிறுத்திக் குடித்துவிட்டுத்தான் போனான்.

வாய்க்கால் ஓரத்தில் வலை கட்டிப் பட்டி போட்டிருந்தார் வீரையன். வாத்துகள் தூரத்து வயலில் சேறு கலக்கிக்கொண்டிருந்தன. மதி பைக்கை நிறுத்தி, சீட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. எந்த ஊர், எத்தனை வாத்து என்று சம்பந்தமில்லாமல் பேச்சுக் கொடுத்தான்.

"முட்டை வேணுமா தம்பி?"

"இல்லங்க. ஒரு விஷயம் கேக்கணும். தை கடைசியில நீங்க எங்க ஊருப் பக்கம்..."

"இருங்க. இதுவ வாய்க்கால்ல எறங்குது" என்று சொல்லிக்கொண்டே வீரையன் திரும்பினார். வாயில் இரண்டு விரலை வைத்தார்.

விசில் கேட்டது.

மதியின் வலது கை சீட்டை விட்டு எழும்பி, காற்றில் முன்னால் தள்ளியது. பிடிக்க அங்கே லிவர் இல்லை. கை நீண்டபடியே நின்றது. அவன் அதை வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தான். விசிலடித்தவர் கண்ணுக்கு முன்னால் நிற்கிறார். அவர் யார் என்று தெரியும். எதற்கு அடித்தார் என்றும் தெரியும். அப்படியும் கை போய்விட்டது.

"என்னாச்சு தம்பி, மொகம் வேர்க்குது?"

மதி வாய்க்கால் கரையில் உட்கார்ந்துவிட்டான். வீரையன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். விஷயத்தைக் கேட்டபோது அவர் முகம் சுருங்கிப் போயிற்று.

"அன்னைக்கு நான் அடிச்சேன்தான். கூட்டம் மெஷின் பக்கம் போவுதேன்னு ஓட்டுனேன். அந்தாண்ட யாரோ அலறுனாங்க. பாம்பு கடிச்சிட்டுது போலன்னு நெனச்சேன். இப்பிடின்னு எனக்குத் தெரியாதே சாமி. என் மேல எதாவது வருமா?"

"உங்க மேல என்ன வரும்? நீங்க வாத்துக்கு அடிச்சீங்க" என்றான் மதி.

*

அங்கிருந்து நேராக ரெத்தினம் வீட்டுக்குப் போனான். இந்தத் தடவை தெருமுனையில் திரும்பவில்லை. ரெத்தினம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கட்டுப் பிரித்த கையை மடியில் வைத்திருந்தார். மதியைக் கண்டதும் கையைத் துண்டால் மூடினார். மகள் கதவண்டை வந்து நின்றாள்.

"அண்ணே, நீங்க விசிலடிக்கல."

ரெத்தினம் துண்டை இன்னும் இழுத்துப் போர்த்தினார்.

"வாத்துக்காரரு அடிச்சாரு. நான்தான் நீங்கன்னு நெனச்சுத் தள்ளிட்டேன். நிமிந்து பாத்திருக்கணும். எஞ்சின நிறுத்தியிருக்கணும். பாக்கல. கை முந்திக்கிச்சு."

"அந்த விசிலு எனக்கும் கேட்டுச்சு. யாரு அடிச்சதுன்னு தெரியல, சொன்னாலும் எவன் நம்பப் போறான்" என்றார் ரெத்தினம் மெதுவாக. "கேட்டதும் கைய எடுக்கத்தான் பாத்தேன். அதுக்குள்ள தள்ளிட்ட. டின்னு குடிச்சா மின்னல் மாதிரின்னு நான்தானே ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

மதி நின்றுகொண்டே அழுதான். அவர் அவனை உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.

"வெரலு போனது போனதுதான் தம்பி. அது நீ வேணும்னு செஞ்சதில்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். ஆனா என்னைய ஒரு கோமாளியாக்கிட்டீங்களே. எம்மவ பள்ளிக்கூடத்துல, ஒங்கப்பா குடிச்சிட்டுக் கைய வுட்டாராமேன்னு கேக்குறாளுவ. நீ வருவ, வந்து இல்லன்னு சொல்லுவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீ தெருமொனையில வந்து வந்து திரும்புனது எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?"

"இப்ப சொல்றேண்ணே. எல்லாருக்கிட்டயும் சொல்றேன்."

"எங்ககிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? சொல்ல வேண்டிய எடத்துல சொல்லு" என்றாள் பிரகதீஸ்வரி. ரெத்தினம் அவளை அதட்டவில்லை.

மறுநாள் மதி ஸ்டேஷனுக்குப் போய் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னான். வீரையனையும் அழைத்துப் போனான். அவர் பயந்துகொண்டே வந்து உள்ளதைச் சொன்னார். பேட்டரி விஷயமும் வெளியே வந்தது. அன்று சாயங்காலமே குணசேகரன் மதியின் வீட்டு வாசலில் வந்து நின்று கத்தினார். "உன் தலையில நீயே மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டியேடா! என்னையும் சேத்து இழுத்துவுட்டுட்டியே! எவன்டா ஒன்ன இனிமே மெஷின்ல ஏத்துவான்?" பூவம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். மதி மெஷின் சாவியைக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தான்.

கேஸ் கோர்ட்டுக்குப் போயிற்று. இன்னும் முடியவில்லை. ஊரில் ரெத்தினத்தைப் பற்றிய பேச்சு மாறியது. ஆனால் ஒரே நாளில் மாறிவிடவில்லை. தப்பாகப் பேசியவர்களில் ஒருவரும் அவரிடம் வந்து தப்பாகப் பேசிவிட்டோம் என்று சொல்லவும் இல்லை. ஜெயபாரதி ஊருக்கு வரும்போதெல்லாம் அவர் வீட்டுக்குப் போய் மீந்த விரல்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். மாவு பிசையச் சொல்கிறாள், துணி பிழியச் சொல்கிறாள். அவளிடம் அவர் நன்றாகப் பேசுவார். மதியைப் பற்றி அவளும் எடுக்க மாட்டாள், அவரும் கேட்க மாட்டார்.

ப்ராஜெக்டில் அந்த இரண்டாம் சோதனையையும் சேர்த்து எழுதுகிறேன் என்று பாரதி மேடத்திடம் கேட்டாளாம். "கொஞ்சம் பேருக்குத்தான் செஞ்சிருக்க, இத வச்சு ஒண்ணும் நிரூபிக்க முடியாதேம்மா" என்றாராம் அவர். நிரூபிக்க முடியாது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன் என்று சொல்லி எழுதிவிட்டாள்.

டின்னை விட்ட முதல் வாரம் மதிக்குத் தலை பிளந்தது. யார் பேசினாலும் எரிந்து விழுந்தான். பகலெல்லாம் அடித்துப் போட்டது போலத் தூங்கினான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. கதவுச் சத்தத்துக்கு உடம்பு தூக்கிப் போடுவது மட்டும் இன்னும் முழுசாக நிற்கவில்லை.

குறுவை அறுப்புக்குத் திருக்காட்டுப்பள்ளியில் ஒருவர் அவனை மெஷினுக்குக் கூப்பிட்டார். கேஸ் விஷயத்தை முதலிலேயே சொன்னான். பரவாயில்லை வா என்றார். அங்கே அவனுக்கு நல்ல பெயர் இல்லை. மெதுவாக ஓட்டுகிறானாம். கட்டரில் தாள் சிக்கினால் எஞ்சினையே நிறுத்திவிட்டு இறங்கி வருகிறானாம். ஒருநாள் உச்சி வெயிலில் ஒரு வயல்காரர் வானத்தைக் காட்டிக் கத்தினார்.

"மேகம் கட்டுது, பாத்தியா? இப்ப படுத்தா என்னப்பா அர்த்தம்? ஒரு டீயாவது குடிச்சிட்டு ஏறு, வாங்கியாரச் சொல்றேன்."

"ரெண்டு நாளா சரியா தூங்கலண்ணே. கண்ணு நிக்கல. ஒரு மணி நேரம் குடுங்க, அறுத்துத் தந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு, மதி வேப்பமர நிழலில் தார்ப்பாயை விரித்தான். அவர் முணுமுணுத்துக்கொண்டே வரப்பில் உட்கார்ந்தார்.